பிரேக் வைக்காத படிப்பறை

ஓர் இடத்தில் உட்கார முடியாதவர்கள், மற்றவர்கள் உட்காரும் இடத்தை வடிவமைக்கக் கூடாது. இதைச் சட்டமாகவே போடலாம். போட்டிருந்தால் முதல் கைதி நான்தான்.

எனக்கு நாற்காலி என்றாலே கால் துறுதுறுக்கும். பள்ளியில் பெஞ்சை ஆட்டி, கல்லூரியில் மேசையை ஆட்டி, எப்படியோ கட்டட வடிவமைப்புப் படித்து முடித்துக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன். வீட்டை ஒட்டி அத்தாவின் பாத்திரக்கடை. "நசீமா, நீ கல்லாவுல வந்து குந்து, போதும்" என்றார். காலை முதல் கடை சாத்தும் வரை ஒரே ஸ்டூலில்! நினைத்தாலே வியர்த்தது. எனக்குத் தனி ஆபீஸ் வேண்டும், கடை மாடி காலியாகத்தானே கிடக்கிறது என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே சண்டை போட்டேன். (உட்கார்ந்துகிட்டா சண்டை போடுவாங்க?)

அந்த நேரம் பார்த்து, தியாகதுருகம் போகும் வழியில் ஒரு கல்லூரி வளாகத்தில், மாணவர்கள் படிப்பதற்கான கூடத்தை வடிவமைக்கும் வேலை கிடைத்தது. அத்தா ஒரே பேச்சில் முடித்தார்: "தொறப்பு விழாவுக்கு நானும் வர்றேன். நல்லா முடிஞ்சா மாடி ஒனக்கு. இல்லாட்டி கல்லா."

நான் சும்மா இருப்பேனா? வரிசைப் பெஞ்சுகளுக்கு விடை கொடுத்தேன். மேசை, நாற்காலி, எழுதும் பலகை, எல்லாவற்றுக்கும் சக்கரம். தனியாகப் படிக்க வேண்டுமா, மூலைக்குத் தள்ளிக்கொண்டு போ. கூட்டமாகப் படிக்க வேண்டுமா, சேர்த்துப் போடு. சாமான் செய்தவர், "பிரேக் வெச்ச சக்கரமா போட்டுடட்டுங்களா?" என்று கேட்டார். "சுதந்திரத்துக்கு எதுக்குங்க பிரேக்கு?" என்றேன். (வாய் இருக்கே, வாய்!)

தரைக்கும் நானே பக்கத்தில் நின்று வேலை வாங்கினேன். எங்கள் வீட்டில் வாராவாரம் தரையைக் கழுவிவிட்டால், கூடத்தின் நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கும். அம்மா வீடு கட்டியவரைத் திட்டிக்கொண்டே துடைப்பத்தால் தள்ளுவார். அந்தத் திட்டைக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் கொத்தனாரிடம், "தரை வாசலைப் பாத்துச் சரியணும், வாட்டம் ஜாஸ்தியாவே வுடுங்க" என்றேன். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம். விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சரிந்த தரையும் சக்கரமும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கலாம். யோசிக்க ஓர் இடத்தில் உட்கார வேண்டுமே!

விழா அன்று காலையில்தான் சாமான்கள் வந்து இறங்கின. அவசர அவசரமாக மாணவர்களைப் பிடித்து உட்காரவைத்தேன். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மலர் என்ற பெண், "இன்னாக்கா இது, காலை எடுத்தா போய்க்கினே இருக்குது? எங்க மலை ரோட்டுல பஸ்ஸு எறங்கற மாதிரி இருக்குது" என்றாள்.

"அதான் இதோட சிறப்பே. காலை நல்லா ஊனிக்கோ" என்றேன்.

எல்லோரும் காலை ஊன்றி, முழங்கையால் மேசையை அமுக்கிக்கொண்டு, படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

தாளாளர் கழுத்தில் மாலையோடு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் அத்தா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? மொத்தக் கூடமும் ஒன்றாக எழுந்தது.

பிள்ளைகள் நின்றார்கள். மேசைகள் நிற்கவில்லை.

முதலில் ஒரு நாற்காலி, தாளாளரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டியது போலக் கிளம்பியது. அதன் பின்னாலேயே மற்றவை எல்லாம் கடகடவென்று புறப்பட்டன. "ஐயோ, புடிங்க! புடிங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒன்றைப் பிடித்தால் இரண்டு தப்பித்தன. தாளாளர் திரும்பி ஓடப் பார்த்தார். நாற்காலி அவர் முழங்காலுக்குப் பின்னால் தட்ட, அப்படியே அதில் உட்கார்ந்து, மாலையும் கழுத்துமாகத் தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர் வரை ஊர்வலம் போனார். (படி வைக்காத வாசலும் என் யோசனைதான்.)

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாடி போச்சு, இனிமேல் கல்லாதான்.

"இன்னாம்மா இது?" என்றபடி தாளாளர் எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா முன்னால் வந்தார். ஒழுகும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்களிடம் பேசும் அதே குரல். "மன்னிச்சுக்குங்க. பொருள்ல கொறைன்னா மாத்திக் குடுக்கறது எங்க வழக்கம். பொண்ணு சக்கரத்தை மாத்திக் குடுத்துடும்."

திரும்பும்போது பஸ்ஸில் நானே கேட்டுவிட்டேன்: "கல்லாவுக்கு எப்ப வரட்டும், அத்தா?"

"கல்லாவுல குந்திக்கினா சக்கரத்தை யாரு மாத்தறது? வித்துட்டு ஓடிட்டாங்கன்னு பேரு வரக் கூடாது. கொறை சொல்ல வர்றவங்களுக்கு ஒரு எடம் வேணும்ல? மாடியைத் தொறந்துக்கோ."

சந்தோஷத்தில் ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

பிரேக் வைத்த சக்கரங்களைப் போட்டுக் கொடுத்தேன். மாடியில் என் பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. அதில் வடிவமைப்பாளர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. அவர்களுக்கு அது கம்ப்ளெய்ண்ட் ஆபீஸ். குழம்பில் உப்பு கம்மி என்று தம்பி முகம் சுளித்தால் போதும், அம்மா கரண்டியால் மாடியைக் காட்டுகிறார்: "மேல ஆபீஸ் தொறந்துதான் இருக்குது. போய்ச் சொல்லிட்டு வா."