மட்டையோடு ஓடியவன்

நான் அளந்த புளுகுகளில் பெரும்பாலானவை வீட்டோடு நின்றுவிட்டன. ஒன்றுதான் என்னை மைதானம்வரை இழுத்துப் போனது.

அப்போது டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கூட வேலை செய்த யென்ஸ், ஞாயிறுகளில் பேஸ்போல் ஆடுபவன். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "தொழில்முறை பேஸ்போலில் எறிபவன் அடிக்க மாட்டான், அடிப்பவன் எறிய மாட்டான். இரண்டையும் ஒழுங்காகச் செய்பவன் தலைமுறைக்கு ஒருவன்" என்றான்.

"யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடுகிற எல்லோரும் இரண்டும் செய்வோம்" என்றேன். (பள்ளிக்கூட அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடுவதுதான் என் துறை.)

"அப்படியென்றால் ஞாயிறு வா, எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது" என்றான்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எட்டு வயது மகள் ஆரணியிடமும் அளந்துவிட்டேன். அவள் வகுப்பு முழுக்கச் சொல்லி, இரண்டு தோழிகளையும் மைதானத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள். அவர்கள் முன்னால் பிள்ளையின் மானம் போகக் கூடாதே.

முதலில் எறிதல். ஓடிவருவதற்காக இருபது அடி பின்னால் போனேன். நின்ற இடத்திலிருந்தே எறியும்படி நடுவர் சொன்னார். கையை மடக்காமல் சுழற்றி, ஆடுபவனின் காலடியில் குத்தும்படி நாலு பந்து போட்டேன். அவன் எதையும் அடிக்கவில்லை. மட்டையைப் போட்டுவிட்டு நடந்தான். விக்கெட்! இரண்டு கைகளையும் தூக்கித் துள்ளினேன். அடுத்தவனும் அப்படியே நடந்தான், அதற்கடுத்தவனும். ஆரணி கைதட்டினாள்.

நாலாவது ஆளும் நடந்தபிறகு யென்ஸ் மெதுவாக வந்தான். குத்திவரும் பந்து இங்கே பிழையாம். அப்படி நாலு போட்டால், அடிப்பவன் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாமாம். நான் யாரையும் ஆட்டமிழக்கச் செய்யவில்லை, நாலு பேரையும் தளம் தளமாக நகர்த்தி, முதலாமவனைச் சுற்றி வரவைத்து, எதிரணிக்கு ஓர் ஓட்டத்தை அன்பளிப்புச் செய்திருந்தேன்.

துடுப்பாட்டத்தில் மானத்தை மீட்க நினைத்தேன். முதல் இரண்டு பந்துகளையும் தேர்ந்த வீரனைப்போல அழகாகத் தொடாமல் விட்டேன். (அதுவும் பிழை. குத்தாமல் நேராக வரும் பந்தில் மூன்றை விட்டால் ஆட்டம் முடிந்தது.) மூன்றாவது தானாகவே வந்து மட்டையில் பட்டது. கிரிக்கெட்டில் ஓடுவதுபோல மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்லும் மகள், அன்று தமிழில் கத்தினாள்.

"அப்பா, மட்டையை விட்டிட்டு ஓடுங்கோ!"

விடவில்லை. பாய்ந்து விழுந்து, மட்டையை நீட்டித் தளத்தைத் தொட்டேன். மட்டை கணக்கில்லையாம், காலோ கையோதான் தொட வேண்டுமாம். அதற்குள் பந்து வந்துவிட்டது. டெனிஷ்காரர் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

என் மனைவி கலா அவர்களுக்கும் சேர்த்துக் காரில் சிரித்தாள். ஆரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் எதையாவது பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால், "இஞ்சருங்கோ, மட்டையை விடுங்கோ" என்பாள் கலா. விருந்துக்கு வருகிறவர்களுக்கும் கதை முழுதாகப் பரிமாறப்படும்.

போன கோடையில் ஆரணிக்குக் கல்யாணம். அவள் கையை மருமகனின் கையில் வைத்துவிட்டு நான் விலக வேண்டும். வைத்தேன், விலக முடியவில்லை. ஐயர் இரண்டு தரம் செருமினார். ஆரணி என் பக்கம் குனிந்தாள். மறுபடியும் தமிழில்தான்.

"அப்பா, மட்டையை விடுங்கோ."

இந்த முறை விட்டேன்.