லீவில் இருந்த கால்

கோவளம் சர்ச்சில் ஊரே சேர்ந்து முட்டி போட்டதைவிட, ரசமட்டம் ஒருவர் முட்டி போட்டது அதிகம். அவர் டைல்ஸ் போடுகிறவர். படூர் அடுக்குமாடிகளில் நீங்கள் வழுக்கி விழுந்திருந்தால் அது அவர் போட்ட தரையாக இருக்கலாம். ஆனால் விழுந்த இடம் நிச்சயம் மட்டமாக இருந்திருக்கும்.

ரசமட்டம் என்பது குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய் பதித்த கட்டை. தரை சரியா, சுவர் நேரா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். இடுப்பிலிருந்து அதை இறக்காததால் அவருக்கும் அதே பெயர். பிரியாணிக் கடையில் சாப்பிடும் முன் மேசைமேல் வைத்துப் பார்ப்பார். "இன்னா பாய், சேர்வா எல்லாம் ஒரு பக்கமா ஓடிகினு கீது?"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், பல ஊர்களையும் பாதியில் விட்டுவிட்டு அவருக்கு ஜோடி ஆளாகச் சேர்ந்தேன். எங்கள் வேலையில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்காருவோம். ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் மற்றவன் இரண்டு பங்கையும் போட வேண்டும். கூலி வழக்கம்போல இருவருக்கும். நான் மஞ்சள்காமாலையில் தகரக் கொட்டகைக்குள் சுருண்டு கிடந்தபோது என் பங்குத் தரையையும் அவர்தான் போட்டார். சாயங்காலம் வந்து, "உன் சைடுல ஒரு கல்லு தூக்கினு நிக்குது மச்சான், வேலைய ஒழுங்கா கத்துக்க" என்று என்னையே திட்டினார்.

பிறகு அவருடைய வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஞாயிறு பூசையில் எல்லோரும் முட்டி போட, இவர் மட்டும் தூண்போல நின்றார். ஃபாதர் காரணம் கேட்டார்.

"ஆறு நாளும் முட்டி போட்டாச்சு ஃபாதர். ஏழாவது நாளு ஆண்டவரே ரெஸ்ட் எடுத்தாரு."

வைத்தியங்கள் தொடங்கின. சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து ஒத்தடம். ஆட்டுக்கால் சூப். யாரோ சொன்னார்கள் என்று உச்சி வெயிலில் கடற்கரை மணலில் தொடைவரை புதைந்து உட்கார்ந்தார். சூடு நன்றாகத்தான் இறங்கியது. அலையும் நன்றாகத்தான் ஏறியது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நான் சிமெண்டுக் கரண்டியால் அவரைத் தோண்டிக்கொண்டிருந்தபோது மீன் கூடையோடு போன அக்கா ஒருத்தி நின்றாள்.

"இன்னா அண்ணாத்த, அஸ்திவாரம் போட்டுகினு கீறியா?"

இத்தனையும் எங்கள் காண்ட்ராக்டருக்குத் தெரியாமல் நடந்தது. வேலை முடிந்து ஆட்கள் எழுந்திருப்பதை அவர் வாசலில் நின்று பார்ப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. ரசமட்டத்துக்கு வேறு தொழிலும் தெரியாது. அதனால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். காண்ட்ராக்டர் போகும்வரை துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருப்பார்.

"பாருங்கடா, ஆளுன்னா இவருதான். தலையக்கூட தூக்க மாட்டேங்கிறாரு" என்று காண்ட்ராக்டர் எங்களுக்கு உபதேசம் செய்வார்.

கடைசியில் நான்தான் அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், முட்டி தேய்ந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார்.

"நாற்காலியில உட்கார்ந்து காலை நேரா நீட்டிப் பத்து எண்ணுங்க, மெதுவா இறக்குங்க. தொடைச் சதை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும். சம்மணம் வேணாம், குத்துக்கால் வேணாம், முட்டி போடவே வேணாம்."

"அப்ப பறந்துகினே டைல்ஸ் ஒட்டட்டாம்மா?"

ஆனால் பயிற்சியை மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை. மறுமுறை போனபோது அந்த அம்மா டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தார். இடது, பயில்வான் தொடை. வலது, கருவாடு.

"எந்தக் காலுக்குய்யா செஞ்சீங்க?"

"நல்ல காலுக்கும்மா."

"நல்ல காலுக்கு எதுக்கு?"

"நோவு காலு லீவுல கீதும்மா. ஜோடி காலுதான அத்தோட வேலையும் சேத்துப் பாக்கணும்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "உங்க சைட்டுல அப்படி இருக்கலாம்யா. உடம்புல, லீவு போட்ட காலு இளைச்சுக்கிட்டே போகும். அப்புறம் வேலைக்கே வராது" என்றார். ரசமட்டம் பயந்து நான் பார்த்தது அன்றுதான். பஸ்ஸில் வரும்போதே வலது காலை நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டார். முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார்.

கால் தேறுவதற்குள் காண்ட்ராக்டர் முந்திக்கொண்டார். மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை பங்களாவில் வேலை. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"யோவ், எழுந்து வா. சாருக்குத் தரைய காட்டு."

ரசமட்டம் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்தார். எழுந்தார். சுவரை விடவில்லை.

"இன்னாய்யா, முட்டி போச்சா?" காண்ட்ராக்டரின் குரல் மாறிவிட்டது.

ரசமட்டம் இடுப்பிலிருந்து கட்டையை உருவிச் சுவரோடு நிறுத்தினார். "என் முட்டி கெடக்குது. செவுரு சாஞ்சிகினு கீது சார். அத்தான் புடிச்சினு நிக்கிறேன்."

வீட்டுக்காரர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். குமிழி நடுவில் இல்லை. இந்தக் கடற்கரையில் எந்தச் சுவரில்தான் இருக்கிறது? அது அவருக்குத் தெரியாது. "எல்லாச் சுவரையும் இவரே பார்க்கட்டும். இவர் சரின்னு சொல்லாம எதையும் முடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சுவர் பார்ப்பது நின்றுகொண்டே செய்கிற வேலை. காண்ட்ராக்டர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தரை முழுக்க என் பங்கு, கூலி வழக்கம்போல.

நான் ஓரிடத்தில் தங்குகிறவன் இல்லை, பங்களா வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டேன். இப்போது என் முட்டியும் கொஞ்சம் சத்தம் போடுகிறது. எந்த ஊர்க் கொட்டகையில் இருந்தாலும் காலையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி நீட்டி எண்ணுகிறேன். முடித்த பிறகு வலது காலை மட்டும் இன்னொரு முறை தூக்குகிறேன். இன்றைக்கு ரசமட்டத்துக்கு முடியாமல் இருந்தால், அது அவர் பங்கு.