ஒருமுறை மட்டும் கேட்கப்பட்ட வாள்மீன்

தேவாலயப் பங்கு மாத மடலின் ஆசிரியர் திரு. அந்தோனிமுத்து அவர்களுக்கு,

பலெர்மோ, ஒரேத்தோவிலிருந்து லிப்ட் திருத்தும் கிரிசாந் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். விசாரித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

2025 செப்டம்பர் 14, ஞாயிறு, பிற்பகல் 1.20. கால்சாவில் கடலைப் பார்த்த ஓர் உணவகத்தில் ஒரு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூன்று பேர். சாப்பிட்டவன் ஒருவன். அந்த ஒருவன் நான். காரணம் நீங்கள்.

சென்ற மாதம் ‘பலெர்மோ உணவகங்களில் விருந்தினர் நடந்துகொள்ளும் முறை’ என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். விருந்தாளியிடம் ஒருமுறை கேட்டால் போதும், வற்புறுத்துவது அநாகரிகம். கைபேசியைக் கவிழ்த்து வைக்கவும். குவளைத் தண்ணீர் இலவசம். அன்பளிப்பைச் சாசருக்குக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகவும். எனக்கு அது நன்றாகப் பிடித்தது. பொத்தானை ஒருதரம் அமத்தினால் லிப்ட் வரவேண்டும், நூறுதரம் அமத்துகிறவன் விசரன் என்பது என் கொள்கை. ஆகவே, இங்கே இருக்கும், நான் கட்ட நினைக்கும் மொனிகாவின் தகப்பன் அருளையா என்னைப் பார்த்துப் போக மன்னாரிலிருந்து வந்தபோது, உங்கள் பக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவருக்கு என்னைப் பிடித்தால் கலியாணம். பிடிக்காவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்லித்தான் விமானம் ஏறியிருந்தார்.

“ஐயா, வாள்மீன் சொல்லட்டோ?” என்று கேட்டேன். “சீச்சீ, வேண்டாம் தம்பி. காலமை சாப்பிட்டது அப்பிடியே கிடக்கு” என்றார். சரி என்று எனக்கு மட்டும் சொன்னேன். பாஸ்தா? வேண்டாம். ஒரு துண்டுப் பாணாவது? வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கேட்டேன், உங்கள் சட்டப்படி. தகப்பன் சாப்பிடாத மேசையில் மகள் எப்படிச் சாப்பிடுவாள்? அவளும் வேண்டாம் என்றாள். இலவசத் தண்ணீர் கேட்டேன். பரிமாறுகிறவர், கேசவென் என்ற மொரீசியஸ்காரர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காசுக்கு விற்கும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வைத்தார். அருளையா அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு என் வாள்மீனைப் பார்த்தார். நான் சாப்பிட்டேன். நல்ல மீன். மேசைக்குக் கீழே மொனிகா காலில் உதைத்தாள், அன்பு என்று நினைத்தேன். கவிழ்த்து வைத்த கைபேசி நாலைந்து தரம் அதிர்ந்தது, நான் தொடவில்லை. பிறகு பார்த்தால் எல்லாம் அவளுடைய செய்தி: “இன்னொருக்காக் கேளுங்கோ!” கடைசிச் செய்தியில் இத்தாலியத்தில் ஒரு சொல் இருந்தது. பங்கு மடலுக்கு எழுத முடியாது.

காசைக் கட்டி, சாசருக்குக் கீழே ஒரு யூரோத் தாளை வைத்து, திரும்பிப் பாராமல் வெளியே வந்தேன். கேசவென் பின்னால் ஓடி வருகிறார்! “சின்யோரே, காசை விட்டிட்டுப் போறீர்!” உமக்குத்தான் என்றேன். மேசையில் இருந்ததற்கான காசு பில்லிலேயே எடுத்தாயிற்று, இது வேண்டாம் என்றார். வைத்திரும் என்றேன். வேண்டாம் என்று என் கையில் திணித்தார். ஒரு காரியத்தைத் தொடங்கினால் பாதியில் விடுகிற ஆள் நான் இல்லை. அவருடைய ஏப்ரனுக்குள் வைத்தேன், அவர் என் சட்டைப் பைக்குள் வைத்தார், நான் அவரைச் சுவரோடு சாத்தி, பைக்குள் தாளைத் தள்ளி, அது வெளியே வராமல் கையால் பொத்திக்கொண்டு, “பிடியும் எண்டால் பிடியும்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் சண்டை என்று நின்றார்கள்.

அருளையாவுக்கு இத்தாலியம் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கை விளங்கியது. முகம் மலர்ந்துவிட்டது மனுசனுக்கு.

“எட, உமக்கு வற்புறுத்தத் தெரியுமே! பிறகேன் மேசையிலை கல்லு மாதிரி இருந்தனீர்?”

“ஐயா, நீங்கள் வேண்டாமெண்டனீங்கள்.”

“முதல் தரம் ஆரும் ஓமெண்டுவினமோ? எனக்குப் பசியிலை கண் இருட்டுது, தம்பி!”

மூவரும் திரும்பி உள்ளே போனோம். உங்கள் பக்கத்தை மனத்தில் கிழித்துப் போட்டுவிட்டு, சாளை மீன் பாஸ்தா சொல்லட்டோ என்று அவரிடம் மூன்றுதரம் கேட்டேன். இரண்டுதரம் வேண்டாம் என்றவர், மூன்றாம் தரம் “உம்மடை மனம் நோகப்படாது” என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டார். மூன்றாவது தட்டைக் கேசவெனே கேளாமல் வைத்தார். மொனிகா வாள்மீன் சாப்பிட்டாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அருளையா கேட்டார்: “அப்ப, கலியாணத்தைத் தையிலை வைப்பமோ?”

“ஓம்!” என்றேன். அவர் கேள்வியை முடிக்கவும் இல்லை. வென்றேன், ஐயா! உங்கள் ஆலோசனையை மிதித்துக்கொண்டு வென்றேன்!

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். கடைசி வரி: ‘நீஸ் கடற்கரையில் உங்கள் விடுமுறை இனிதாகட்டும்.’ பிரான்ஸ் நாட்டு உல்லாசக் கடற்கரைக்கு யாரோ எழுதியதைத் தலைப்பில் மட்டும் ஊர் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த மடலில் முதற்பக்கத்தில் திருத்தம் வரவேண்டும். நானே எழுதித் தருவேன், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

அருட்தந்தைக்கும் பாடகர் குழுவுக்கும் மடலை மடித்துத் தருகிற அக்காமாருக்கும் என் வணக்கம். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அச்சுக்குக் கொடுக்கமுன் ஒருதரம் வாசிக்கும் பொறுமையையும் தருவாராக.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
கிரிசாந்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மொனிகா போனில் கூப்பிட்டாள். தகப்பன் இரவு முழுக்க நித்திரை இல்லையாம். “கேட்ட உடனை ஓமெண்டிட்டான். இவனுக்கு ஏதோ குறை இருக்கு, அதுதான் அந்தரப்படுறான். விசாரிக்காமல் குடுக்கேலாது” என்கிறாராம். திருத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். இனி நான் செய்யப்போவது:

1. இன்று பின்னேரம் பஸ் பிடித்துப் பிரான்காச்சோவில் அவர் தங்கியிருக்கும் மொனிகா வீட்டுக்குப் போவேன். தேத்தண்ணி தந்தால் இரண்டுதரம் வேண்டாம் என்பேன், தொண்டை வறண்டாலும்.

2. கலியாணக் கதை எடுத்தால் நிலத்தைப் பார்த்து, “அவசரமில்லை ஐயா, ஆறுதலாப் பாப்பம்” என்பேன். இதையும் இரண்டுதரம்.

3. மூன்றாம் தரம் அவர் கேட்காவிட்டால், தானே கேட்பதாக மொனிகா சொல்லியிருக்கிறாள். அவளுக்கு முதல் தரத்திலேயே ஓம்.