பறத்தல் சான்றிதழ்

மோகனப்பிரியா கேப்டன் ஆவதற்கு இன்னும் இருபதே மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. மேகமாலை ஏர்வேஸில் ஆறு வருஷமாகத் துணை விமானி. அந்த இருபது மணியும் முடிந்துவிட்டால் தோளில் நாலாவது பட்டை ஏறிவிடும். பேனர் கட்ட வேண்டும் என்று அவள் அப்பா விருத்தகிரி, சொந்த ஊரான விருத்தாசலத்தின் பஸ் ஸ்டாண்டில் கம்பத்துக்குக் கம்பம் அளவெடுத்து வைத்திருந்தார்.

கம்பெனிக்கும் விமானிகளுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. எழுபது இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தைக் கம்பெனி விமானிகளே ஓட்ட வேண்டும். அதற்குட்பட்டதை வெளியே சின்ன நிறுவனங்களிடம் விட்டுக்கொள்ளலாம். கம்பெனி ஒப்பந்தத்தை மீறவில்லை. நூற்றெண்பது இருக்கை விமானத்தில் நூற்றுப்பதினொன்றைக் கழற்றிக் குடோனில் போட்டது. மீதி அறுபத்தொன்பது. எல்லாப் பறத்தலும் வெளியே போயிற்று.

'தங்கள் மீதி மணிகளைப் பிராந்திய நிறுவனத்தில் பூர்த்தி செய்துகொள்ளலாம்' என்று அவளுக்குக் கடிதம் வந்தது. விலாசத்தைப் பார்த்தால் சொந்த ஊர்!

ஆபீஸ் ஒரு பீங்கான் கடை மாடியில் இருந்தது. பயணிகள் ஓய்வறையில் நாற்காலிக்குப் பதில் விலைபோகாத வெஸ்டர்ன் டாய்லெட்டுகள் வரிசையாக நின்றன. முதல் இரண்டில் 'பிரீமியம்' என்று ஒட்டியிருந்தது.

"உக்காருங்க மேடம்" என்றார் மேலாளர் ஸ்ரீவத்சன்.

"நிக்கிறேன் சார். விமானம் எங்க நிக்குது?"

"பஸ் ஸ்டாண்டுல. பெண்ணாடம் போறது."

"அது மினி பஸ்ஸு சார்!"

"தோற்றத்த வெச்சு முடிவு பண்ணக் கூடாது. இருக்கை எழுபதுக்குள்ள இருக்கணும், இருபத்தஞ்சுதான் இருக்குது. பறக்கணும், பறக்குது."

"பறக்குதுன்னு யாரு சொன்னா?"

"பொதுமக்களே எழுதிக் குடுத்துருக்காங்க." ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

'ஐயா, பச்சமுத்து ஓட்டும் மினி பஸ் பறக்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறோம். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.' கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து அவள் அப்பாவுடையது. ஓரத்தில் பச்சை மையில் அதிகாரியின் குறிப்பு: 'பறப்பது உறுதி. தக்க நடவடிக்கைக்கு.'

"இது புகாரு சார்."

"தக்க நடவடிக்கை எடுத்துட்டமே. பறக்குதுன்னு சான்றிதழே குடுத்துட்டோம். உங்களப் பத்தி இந்த மாதிரி எந்தப் பயணியாச்சும் எழுதியிருக்காங்களா?"

அவள் ஓட்டினால் பயணிகள் தூங்கிவிடுவார்கள். எழுந்து மனு எழுத யாருக்கு நேரம்?

"இல்ல."

"அப்ப நீங்க பறந்ததுக்கு ஆதாரமே இல்லையே மேடம்."

பண்டிகை வந்தது. கூட்டம் தாங்காமல் கழற்றிய இருக்கைகளைக் கம்பெனி திரும்ப மாட்டியது. மாட்டினால் கம்பெனி விமானிதானே ஓட்ட வேண்டும்? ஆகவே அதிக மணி பறந்தவரைக் கம்பெனி வேலைக்கு எடுத்தது. மினி பஸ்ஸில் பதினோரு வருஷம், சான்றிதழோடு இருபத்தொன்பதாயிரம் மணி. கேப்டன் பச்சமுத்து. துணை, மோகனப்பிரியா.

பச்சமுத்து நல்ல மனுஷன். நாலு பட்டைச் சட்டையோடு உட்கார்ந்து, கண்ணாடி முன்னால் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"கிளட்ச்சையே காணோமேம்மா. நீங்களே ஓட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"சரிண்ணே."

அவளே ஓட்டினாள். பத்தே நாளில் இருபது மணி முடிந்தது. நாலாவது பட்டை கேட்டு எழுதிப் போட்டாள். பதில் உடனே வந்தது: 'மேற்படி மணிகள், கேப்டன் அவர்கள் தமது பறத்தலைத் தங்களிடம் வெளியே விட்டதால் நேர்ந்தவை. வெளியே விட்ட மணிகள் ஓட்டியவர் கணக்கில் சேரா.'

மறுநாள் மேலே ஏறியதும் அவள் தானியங்கிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பச்சமுத்துவுக்கு முகம் வெளுத்தது. "இப்ப யாரும்மா ஓட்டறது?"

"மெஷினுண்ணே. நானும் வெளிய வுட்டுட்டேன்."

அவர் அந்தப் பொத்தானை உற்றுப் பார்த்தார். "அதிக மணி பறந்தவங்களத்தானம்மா கேப்டனாக்குறாங்க? இத்தினி வருஷத்துல அதுக்கு எத்தினி மணி ஆயிருக்கும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி, அந்தப் பொத்தானை அணைக்க இரண்டு கைகளும் ஒன்றாகப் பாய்ந்தன.