மைக் இரைச்சலும் நெல்லு மூட்டைகளும்

இனிமேல் இந்த வன்னியில் எவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். எவனும் என்றுதான் சொன்னேன். எவளும் என்று சேர்க்காமல் விட்டது என் பிழை.

நான் மயில்வாகனம். மல்லாவியில் வீடியோ எடுக்கிறவன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. மிச்சத்தை வாழ்க்கை செவிட்டைப் பொத்தி அடித்துப் படிப்பித்தது. அதில் நான் படித்த பெரிய பாடம், சொன்ன விலைக்கு எதையும் வாங்கக்கூடாது என்பது. வைத்தியர் ஒரு கிழமைக்கு மருந்து குடிக்கச் சொன்னால், நாலு நாளுக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் எழும்புவேன்.

அப்படிப் பேரம் பேசித்தான் வவுனியாவில் றம்சீனின் கடையில் கமராவுக்கு வெளி மைக் ஒன்று வாங்கினேன். நான் கடையை விட்டு இறங்கியபோது றம்சீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். மைக்கை இளையதம்பியர் வீட்டுக் கலியாணத்தில் முதன்முதலாகக் கமராவில் கொழுவினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

வீடியோ முழுக்க அதுதான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் போன் எடுத்துக் கேட்டார்கள்: "அண்ணை, ஐயர் மந்திரம் சொல்லுறாரோ, தோசை வார்க்கிறாரோ?"

செய்தி ஸ்கந்தபுரம் வரை போய்விட்டது. அங்கே நடராசா அண்ணையின் மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்திய வீடு. வீடியோ எனக்கென்று சொல்லி வைத்திருந்தவர், இப்போது வேறு கதை கதைத்தார்.

"சனிக்கிழமை உன்ரை வீட்டை வாறன், மயிலு. என்ரை காதாலை கேப்பன். இரைஞ்சுதெண்டால் விதுசனுக்குக் குடுத்திடுவன்."

விதுசன் ட்ரோன் வைத்திருக்கிற பெடியன். அவன் வானத்தில் பறக்கிறான். நான் தரையில் இரைகிறேன். நடராசா அண்ணை அவன் பக்கம் போனால் ஸ்கந்தபுரமே போகும். பிறகு நான் கமராவைச் சாமித்தட்டில் வைத்துப் பூப்போட வேண்டியதுதான்.

றம்சீனுக்குப் போன் போட்டேன். நான் திட்டுவதை மனைவி கௌசலாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுவிட்டேன்.

"அண்ணன், மைக்குல பிழையில்ல. உங்கட கமராவுலதான் ஒரு…"

"என்ரை கமராவிலை பிழையோ? எனக்கே படிப்பிக்கிறியோ? வையடா போனை!"

அவன் வைக்க முதல் நானே வைத்துவிட்டேன். கௌசலா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏனப்பா வெட்டினனீங்கள்? அந்தத் தம்பி ஏதோ சொல்ல வந்தவர்."

"மைக்கிலையும் பிழையில்லையாம். என்ரை கமராவிலை பிழை வராது. அப்ப ஆரிலை பிழை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ. மைக் எண்டது காது மாதிரித்தானே?"

"ஓம்."

"காது தானாக இரையுமே? வெளியிலை இரையிறது எதையோதானே கேக்குது. அந்த பிரிட்ஜைப் பாருங்கோ, நாள் முழுக்க நடுவீட்டிலை நிண்டு உறுமுது."

"விசரே உனக்கு? கலியாணம் மண்டபத்திலையெல்லோ நடந்தது!"

"வீட்டிலை இருந்து பழகின காதெல்லோ அது?"

இது சரியா, பிழையா என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கச் சரி மாதிரியே இருந்தது. பிரிட்ஜைத் தள்ளிக் குசினிக்குள் கொண்டுபோனேன். அதைக் குசினியில் வையுங்கோ என்று அவள் வாங்கிய நாளில் இருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறாள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. இடுப்பு நோவில் ஞாபகம் எங்கே வரும்?

நான் மூச்சு வாங்கி முடிக்க, கமராவைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்து தந்தாள். இயர்போனைக் காதில் மாட்டினேன்.

இரைச்சல் குறைந்திருந்தது! சத்தியமாகக் குறைந்திருந்தது.

"நான் சொன்னனான் எல்லே?"

"நீ எங்கை சொன்னனீ? நானாகத்தான் கண்டுபிடிச்சனான்."

பிறகு கிணற்றடிக் குழாய். மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டு இருந்த குழாய். "தண்ணி சீறுற சத்தமும் உதுதான், ஸ்ஸ்ஸ் எண்டு" என்றாள். கேட்டுப் பார்த்தேன். அசல் என் மைக்கின் குரல். வாஷர் மாற்றி இறுக்கிப் பூட்டினேன். அவள் கமராவைத் துடைத்துத் தந்தாள். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. குழாய் வீட்டுக்குப் பின்னால். கமரா வீட்டுக்கு முன்னால். சத்தம் எந்த வழியால் போகிறது? கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். மின்விசிறியை நிற்பாட்டினேன். கோழிகளை அடுத்த வளவுக்குக் கலைத்தேன். என் மூச்சிலேயே சந்தேகம் வந்து, அடக்கிப் பார்த்து, கண் இருண்டு கதிரையில் இருந்தேன்.

"இனி மிச்சம் நெல்லு மூட்டைதான்" என்றாள் கௌசலா.

அறுவடை முடிந்து விறாந்தை முழுக்க அடுக்கி வைத்திருந்த மூட்டைகள். வியாபாரி சொன்ன விலை காணாதென்று அவனைக் கலைத்துவிட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கிறேன்.

"நெல்லு இரையுமே? ஆருக்குக் காது குத்துறாய்?"

"அந்துப்பூச்சி இரையும். காதை வைச்சுப் பாருங்கோவன்."

வைத்தேன். உள்ளே ஏதோ சரசரத்தது. அந்துப்பூச்சியோ, எலியோ, என் காதோ, எனக்கே விளங்கவில்லை. எந்த மூட்டை என்று பிடிப்பதற்காகக் கமராவை ஓடவிட்டு மேசையில் வைத்தேன். ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் கொட்டிலுக்குப் போனேன். கமராவின் சிவப்பு விளக்கைக் கண்டால் சனம் விறைத்துப்போகும் என்று அதற்கு மேல் கறுத்த ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன். ஓடுகிறதா, இல்லையா என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி மூட்டை போனதும் கேட்டுப் பார்த்தேன். நூல் மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல்தான் மிச்சம். சனிக்கிழமை நடராசா அண்ணை வந்து இயர்போனை மாட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"மயிலு, இன்னும் ஏதோ இரையுது."

கௌசலா தேத்தண்ணியோடு வந்தாள். "பொறுங்கோ அண்ணை, தூசியாயிருக்கும்" என்று கமராவைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தாள்.

நடராசா அண்ணையின் முகம் விரிந்தது. "அட, என்ரை மூச்சே கேக்குதடா! ஞாயிற்றுக்கிழமை நீதான் வாறாய்."

அவர் போன பிறகு நான் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தேன். பழைய சாரக் கிழிசல். இதிலா இவ்வளவு சக்தி? குழப்பம் தாங்காமல், மூட்டை தூக்கிய அன்றைக்கு ஓடவிட்டதைப் போட்டுக் கேட்டேன். முதலில் இரைச்சல். பிறகு கௌசலாவின் குரல். தன் தங்கை தனுஷாவோடு போனில் கதைக்கிறாள்.

"ஓமடி, கமராவிலை மைக் அளவு தன்ரைபாட்டிலை கூடுதாம், அதுதான் இரையுதாம். அதை நிப்பாட்டிப்போட்டு, கமராவிலை குறைச்சு மைக்கிலை கூட்டினால் சரியாம். இவர் வெட்டின போனை நான் திருப்பி எடுத்து றம்சீன் தம்பியிட்டைக் கேட்டனான். ஒரேயடியாக் குறைப்பனே? ஒரு வேலை முடிய ஒரு திருகு. இந்தா, மூட்டை போகுது."

டிக் என்றது. என் காதுக்குள்ளேயே இரைச்சல் ஒரு படி இறங்கியது.

"கௌசலா!" என்று கத்தினேன். கொட்டிலுக்குள் எலிகள் ஓடியிருக்கும். அவள் ஆறுதலாக வந்தாள்.

"கோவிக்காதேங்கோ. நாளைக்கு மண்டபத்திலை திரும்பவும் இரைஞ்சால் எதை, எந்தப் பக்கம் திருகிறது எண்டு தெரியுமே?"

தெரியாது. றம்சீனிடம் கேட்கலாம். அவனிடம் மன்னிப்புக் கேட்பதைவிட ஸ்கந்தபுரத்தையே விதுசனுக்கு எழுதிக்கொடுக்கலாம்.

"என்ன வேலை மிச்சம்? சொல்லித் துலை."

"சுவருக்குப் பெயின்ற்."

பேரம்! எனக்கு உயிர் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"முன்பக்கம் மட்டும்."

"நாலு பக்கமும்."

"முன்பக்கமும் கிணத்தடிப் பக்கமும். அதுக்கு மேலை ஒரு சாணும் இல்லை."

"நாலு பக்கமும், குசினியும்."

"எடியே, இறங்கி வாறதெல்லோ பேரம்!"

"நாலு பக்கமும், குசினியும், வாசல் படலையும்."

விடுவேனா? மேசையில் ஓங்கி அடித்தேன். "நாலு பக்கமும் குசினியும்! படலை ஏலாது! இதுதான் கடைசி. சம்மதமெண்டால் சொல்லு, இல்லாட்டி எழும்பு!"

அவள் பெருமூச்சு விட்டாள். றம்சீன் மாதிரியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"சரி, உங்களுக்காக."

இப்போது வீடு முழுக்கப் பளபளவென்று இருக்கிறது. மல்லாவிப் பக்கம் வந்தால் பாருங்கள், படலை மட்டும் பழைய நிறத்தில்தான் நிற்கிறது. அது நான் வென்றது.