விதிமுறைப்படி வாங்கிய மைக்

அரசாங்க சேவையில் ஆயுளைக் கழித்தவனால் ஒரு முருங்கைக்காயைக்கூட நேராகப் போய் வாங்கிவிட முடியாது. மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். அதில் இரண்டை ஏன் தள்ளினோம் என்று காரணம் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்காய்வாளர் யாராவது பின்கதவால் வந்து விளக்கம் கேட்பார் என்ற பயம் ஓய்வூதியத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. (குசினிக்குள் எந்தக் கணக்காய்வாளர் வரப்போகிறார் என்று கேட்பவர்களுக்கு என் மனைவியைத் தெரியாது.) இந்தப் பழக்கத்தால்தான் ஒரு மைக்கை முறைப்படி வாங்கி, ஒரு தலைவர் பதவியை முறைப்படி இழந்தேன்.

ஓய்வு பெற்ற எல்லா உத்தியோகத்தர்களையும் போல நானும் என் சேவைக்கால நினைவுகளை எழுதத் தொடங்கியிருந்தேன். உலகம் அதைக் கேட்டதா என்பது வேறு விடயம். விரல் மூட்டுகளில் வாதம் வந்து, பேனாவைப் பிடித்தால் ஒரு பக்கம் தாண்டாது. கனடாவிலிருக்கும் மகள், பேசினால் தானாகவே தமிழில் எழுதும் மென்பொருள் ஒன்றை அங்கிருந்தபடியே என் லப்டொப்பில் ஏற்றித் தந்தாள்.

"அப்பா, நீங்கள் கதையுங்கோ. அது எழுதும்."

எழுதியது. ஆனால் லப்டொப்பின் சொந்த மைக்குக்கு ஆள் தராதரம் தெரியவில்லை. எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகப் பக்கம். மின்விசிறி, காகம், கடற்படைப் படகின் சங்கு என்று எல்லாவற்றையும் காதில் வாங்கித் தடுமாறியது. நான் முதன்முதலாக மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பதவியேற்ற வைபவத்தின் நடுவில், சைக்கிளில் வந்த மீன்காரர் "சூரை, சூரை, நல்ல சூரை" என்று மூன்று முறை அறிவித்திருந்தார். வாய்க்குக் கிட்ட இருக்கும் மைக் வேண்டும் என்றாள் மகள். வயர் வைத்த ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். நான் இருந்த இடத்திலிருந்து யோசிக்கும் மனிதனல்ல. சுருக்கெழுத்தாளருக்குச் சொல்லும் காலத்திலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குக் குறுக்கே நடந்து பழகியவன். அப்படி நாலடி நடந்ததும் லப்டொப்பும் மேசையிலிருந்து என் பின்னால் புறப்பட்டது.

ஆகவே வயர் இல்லாத மைக். ஆகவே விலைமனு.

முதலில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்றை நியமித்தேன். தலைவர் நான். உறுப்பினர்கள், என் மனைவி பூமணியும், என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்து என்னோடே ஓய்வு பெற்ற கிண்ணியா ஹமீதும். குழு எங்கள் சாப்பாட்டு மேசையில் கூடியது.

"ஒரு மைக் வாங்க ஒரு மீற்றிங்கா மச்சான்?" என்றான் ஹமீத். "நான் வீடு கட்டக்குள்ளயும் இவ்வளவு யோசிக்கல்ல."

"அதுதான் உன்ர வீட்டுக் கூரை ஒழுகுது" என்றேன்.

பூமணி கதிரையில் சாய்ந்து என்னைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, உங்கட வாய்க்கு மேல ஒரு சாமான் வேற வேணுமோ?"

இது நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்று தீர்ப்பளித்தேன்.

மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். முதற்கடைக்காரர் எழுத்தில் விலை தரமாட்டேன் என்றார். வெளியே. இரண்டாவது கடையில் உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, "பாவிக்கிற மாதிரித்தான் ஐயா" என்று பதில் வந்தது. அவரும் வெளியே. மூன்றாவது கடைக்காரர் என்னைப் புரிந்துகொண்டவர். சட்டையில் குத்தும் சிறு மைக், இடுப்பில் செருகும் பெட்டி, லப்டொப்பில் பொருத்தும் ரிசீவர், எல்லாவற்றையும் துடைத்து மேசையில் வைத்தார்.

"இதே செற்தான் ஐயா உங்கட மண்டபத்துக்கும் குடுத்தனான். ஒரு முறைப்பாடும் இல்லை."

எங்கள் மண்டபம் என்று அவர் சொன்னது ஓய்வூதியர் சங்க மண்டபத்தை. அது என் வீட்டுப் பின்மதிலுக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. மதிப்பீட்டுத் தாளில் 'பொது நிறுவனமொன்றுக்கு ஏற்கெனவே வழங்கிய அனுபவம்' என்றொரு நிபந்தனை உண்டு. அரசாங்கத்தில் எந்தப் பொருளை வாங்கினாலும் அது உண்டு. முழுப் புள்ளிகள் போட்டேன்.

"கொஞ்சம் விலை கூடினதில சனல், அதுதான் அலைவரிசை, மாத்துற வசதி இருக்கு ஐயா. இது ஒரே சனல்தான்" என்றார் அவர்.

"நாங்கள் கேட்ட விபரத்தில சனல் இல்லை. கேக்காததை வாங்கினால் விளக்கம் குடுக்க வேணும்" என்றேன்.

"ஆருக்கு?" என்றான் ஹமீத்.

அவனுக்கு விதிமுறைகளில் எப்போதுமே ஈடுபாடு போதாது.

மைக் அற்புதமாக வேலை செய்தது. யன்னல்களைப் பூட்டி, இடுப்புப் பெட்டியில் செருகிய பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு (என் குரலை நானே கேட்பதில் ஒரு கம்பீரம் இருந்தது) அறைக்குள் மேலும் கீழுமாக நடந்தேன். நான் சொல்லச் சொல்லத் திரையில் எழுத்து ஓடியது. ஒரு பந்தி, அதாவது ஏழெட்டு வரி, முடிந்ததும் மைக்கை நிறுத்திவிடுவேன். பற்றரிச் செலவு என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்த நாட்களில் மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதனால் குறுக்கே ஒரு தடையும் வரவில்லை.

இந்த இடத்தில் சங்கத் தேர்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் தம்பிராசா அண்ணை, தனக்கு வயதாகிவிட்டது என்று பதவியை விட ஒத்துக்கொண்டிருந்தார். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவரே என் பெயரை முன்மொழிவதாக ஏற்பாடு. எனக்கு அந்தப் பதவி ஆசைதான். ஆனால் பூமணிக்கு அது சீவன். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவளுடைய குசினிக்குச் சுற்றுநிருபம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அரிசி எந்தத் தகரத்தில், பருப்பு எந்தத் தகரத்தில், உளுந்துக்கு ஏன் லேபிள் இல்லை என்பன போன்றவை. தலைவரானால் நாள்தோறும் காலையில் மண்டபத்துக்குப் போவேன், மத்தியானம்தான் திரும்புவேன், அதுவரைக்கும் வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். இதற்காக அவள் சங்கத்து உறுப்பினர்களின் மனைவிமார் ஒவ்வொருவரிடமும் போய், "அவருக்குப் பொதுச் சேவை எண்டால் உயிர்" என்று சொல்லி வந்திருந்தாள்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. எங்கள் ஊரில் பத்து மணி என்றால் பதினொன்று. தவிரவும், தலைவராகப் போகிறவர் எல்லோரும் அமர்ந்த பின் நுழைவதே அழகு. பூமணி சேலை மாற்றி முதலே போய்விட்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, மைக்கை அதில் குத்தி, இருந்த நேரத்தில் ஓர் அத்தியாயத்தை முடித்துவிடலாம் என்று யன்னல்களைப் பூட்டினேன். அத்தியாயத்தின் தலைப்பு, 'என்னோடு பணியாற்றியோர்'.

அன்று மத்தியானம் கிண்ணியாப் புரியாணி என்று அறிவித்திருந்ததால், எல்லோரும் பத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த விபரம் எனக்குத் தெரியாது. மேடையில் ஸ்பீக்கரைப் போட்டு, மைக்கை எடுக்கப் பூட்டியிருந்த அலுமாரியின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரியாது. ஒரே சனல் மைக்குகள் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தால், மண்டபத்து ஸ்பீக்கருக்கு எது சொந்த மைக், எது பக்கத்து வீட்டு மைக் என்று பிரித்தறிய முடியாது என்பதும் தெரியாது.

தம்பிராசா அண்ணையில் தொடங்கினேன். "திரு. தம்பிராசா அவர்கள் மூதூரில் ஒரு மதகைப் பரிசோதிப்பதற்காக லாஞ்சி ஏறினார். நடுக்கடலில் வாந்தி எடுத்தார். மூதூரில் இறங்காமல் அதே லாஞ்சியில் திரும்பி வந்து, பரிசோதனை திருப்தி என்று எழுதினார். அந்த மதகை இன்றுவரை எவரும் கண்டதில்லை."

மண்டபம் முதலில் திகைத்ததாம். பிறகு முன்வரிசையில் ஒருவர் சிரித்தாராம். அவரைப் பற்றித்தான் அடுத்த பந்தி.

ஹமீதையும் விட்டுவைக்கவில்லை. பேனாவை நிமிர்த்திப் பிடித்தபடி உறங்கும் கலையில் அவனுக்கு நிகர் கிழக்கு மாகாணத்திலேயே இல்லை என்றேன். காணிப் பிரிவில் இருந்தவர், கணக்குப் பிரிவில் இருந்தவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எழுந்து வந்து என் கதவைத் தட்ட இரண்டு நிமிடம் போதும். ஒருவரும் எழவில்லை. தன்னைப் பற்றிய பந்தி வராதவர்கள் அது வரட்டும் என்று இருந்தார்கள். வந்து முடிந்தவர்கள், மற்றவர்களுக்கும் வரட்டும் என்று இருந்தார்கள்.

பூமணி மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பினாளாம். அப்போது ஸ்பீக்கரில் என் குரல், "இனி என் மனைவியைப் பற்றி" என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

"என் சேவைக்காலம் முழுவதிலும் நான் மேன்முறையீடு செய்ய அஞ்சிய ஒரே அதிகாரி என் மனைவி. சங்கத் தலைவர் பதவி எனக்கு வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது அவளுக்குத்தான் வேண்டும். இந்த மனுசன் தினமும் வெளியே போய்த் துலைய வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

இங்கே களைப்புத் தீர மைக்கை நிறுத்தி, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன். திரையில் எழுத்து ஓடியது.

*போதும் ஐயா நிப்பாட்டுங்கோ*

நான் வாயே திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இப்போதெல்லாம் இந்த மென்பொருட்கள் தாமாகவே யோசனை சொல்லும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனாலும் என் கீழ் வேலை செய்யும் ஒன்று எனக்குப் போதும் என்று சொல்வதா? மைக்கைப் போட்டேன்.

"போதுமா இல்லையா என்று தீர்மானிப்பது நான். நான் சொன்னதை மட்டும் நீ எழுது. உன்னைப்போல எத்தனை பேரை இடமாற்றம் செய்திருக்கிறேன் தெரியுமா?" என்று உறுக்கிவிட்டு மைக்கை நிறுத்தினேன்.

திரை சற்று யோசித்தது.

*என்னை ஒருத்தரும் இடமாற்றேல்லை நானாகக் கேட்டுத்தான் போனனான்*

மென்பொருளுக்கு இடமாற்ற வரலாறு இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. மைக்கைப் போட்டு, "பொய்!" என்றேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். வாதத்தில் முதலில் அதைச் சொல்லி வைப்பது நல்லது.)

*லாஞ்சியில நான் சத்தி எடுத்தது ஒரேயொருக்கா அண்டைக்குக் கடல் சரியில்லை*

கோப்பையைக் கீழே வைத்தேன். ஒரு மென்பொருள் மனம் வருந்தலாம், கோபிக்கலாம். ஆனால் மூதூர் லாஞ்சியில் வாந்தி எடுக்க முடியாது. ஹெட்போனைக் கழற்றினேன். யன்னலைத் திறந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், ஸ்பீக்கரில், தம்பிராசா அண்ணையின் குரல் ஊருக்கே கேட்கும்படி மதகுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. திறப்பு அகப்பட்டு, கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருந்த மண்டபத்து மைக்தான் என் லப்டொப்பிலும் எழுதிக்கொண்டிருந்தது.

போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் கூட்டத்துக்குச் சமுகமளிக்காத வேட்பாளரின் பெயர் செல்லுபடியாகாது என்று சங்க விதிகளான யாப்பில் இருக்கிறது. அந்த யாப்பை எழுதியவனே நான். போனேன். வெள்ளைச் சட்டையில் மைக் இன்னும் குத்தியபடி இருந்ததைக் கழற்றவும் மறந்து, நடுவழியால் நடந்தேன். அத்தனை கதிரைகளும் திரும்பின. பெண்கள் வரிசையில் பூமணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தெரிவு வந்தது. என் பெயரை முன்மொழிய வேண்டிய தம்பிராசா அண்ணை எழுந்து, தொண்டையைச் செருமி, வயது குறைந்துவிட்டதைப் போலத் தன் பெயரையே முன்மொழிந்தார். தன்னைத் தானே முன்மொழிய யாப்பில் இடமில்லை என்று சொல்லக் கையை உயர்த்தினேன். யாரோ அதையும் அவருக்கு ஆதரவான கையாக எண்ணிக்கொண்டார்கள். வழிமொழிந்தவன் ஹமீத்.

"நீயுமா?" என்றேன், புரியாணி நேரத்தில்.

"கோவிக்காத மச்சான். நீ தலைவரா வந்தா அந்தக் கதை நிண்டு போகும். பாதியிலதானே விட்டாய்?"

வீடு திரும்பி, வாசல் படலையைத் திறக்கும்போது பூமணி கேட்டாள்.

"நேர்த்தி வச்சது ஆர் சொன்னது?"

"ஐயர்."

"அந்த மனுசனுக்கும் மைக் குடுக்கேலாது" என்று உள்ளே போய்விட்டாள். இனி எல்லா நாளும் நான் வீட்டில்தான் என்ற உண்மை அவளுடைய முதுகில் எழுதியிருந்தது.

ஆனால் நான் நினைத்ததைவிட அவளுடைய விதி மோசமானது. அடுத்த சனிக்கிழமை காலை, காணிப் பிரிவுக்காரர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். தன்னைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பிழை உண்டு, திருத்த வேண்டும் என்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். தங்களைப் பற்றி ஒரு வரிகூட வராதது தங்கள் சேவைக்கு அவமானம் என்றார்கள். ஹமீத் சும்மா கேட்கத்தான் வந்தான். கடைசியில் தம்பிராசா அண்ணையும் வந்தார், மதகின் வரைபடத்தோடு. அன்று தொடங்கியது. சனிக்கிழமை தவறாமல் சங்கம் முழுவதும் எங்கள் விறாந்தையில், பூமணியின் தேத்தண்ணியோடு. நான் நடந்து நடந்து சொல்கிறேன், லப்டொப் எழுதுகிறது, இவர்கள் ஆட்சேபிக்கிறார்கள், அதையும் அது எழுதிவிடுகிறது.

மகள் அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவிலிருந்து தொலைபேசி அழைப்பு எடுப்பாள். சுகமா என்றெல்லாம் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி இருக்கிறது.

"அப்பா, நான் கதைக்கிறது இப்ப எத்தினை பேருக்குக் கேக்குது?"

பதில் குசினிக்குள்ளிருந்து வரும்.

"பதினாலு பேருக்குப் பிள்ளை. அதில மூண்டு பேருக்குச் சீனி போடேலாது!"