நான்காம் தலைமுறையின் ஆட்டோ டெபிட்

விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போக இந்த உலகத்தில் பாடுபட்ட தகப்பன்மார் அத்தனை பேரும் ஒரே தவறைத்தான் செய்தார்கள்: ஒரு வங்கி மேலாளரைக் கலந்து ஆலோசிக்கவில்லை. ஆலோசித்திருந்தால் ஜெபம், கண்ணீர், அதிகாலையில் முழங்காலில் நிற்பது போன்ற வீண் அலைச்சல்கள் எல்லாம் மிச்சமாகியிருக்கும்.

நம் மேலாளர் இதைச் சொந்தக் குடும்பத்திலேயே நிரூபித்துக் காட்டியவர். அவருடைய தாத்தா தையல்காரர். வாராவாரம் சபைக்கு நடந்து போய், காணிக்கையைத் தம் கையாலேயே பையில் போட்டார். பாவம், விவரம் போதாத மனிதர். அப்பா பள்ளிக்கூட எழுத்தர்; கவரில் வைத்து ஒட்டிக் கொடுத்தார். சற்றே முன்னேற்றம். மேலாளரோ ஆட்டோ டெபிட் போட்டுவிட்டார். மாதம் பிறந்ததும், இவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே, கடவுளின் பங்கு கடவுளுக்குப் போய்விடும். தூக்கத்திலும் கடவுளை மறக்காத மனிதர் என்று வேறு யாரைச் சொல்ல முடியும்?

காணிக்கை தானாகப் போகத் தொடங்கியதும், கூடவே உடம்பும் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆராதனையைத்தான் நேரலையாகக் காட்டுகிறார்களே! மேலாளர் சோபாவில் சாய்ந்தபடி பங்கெடுப்பார். பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டிய இடங்களில், மரியாதைக்காக டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். பிரசங்கம் நீண்டால் கண்ணை மூடித் 'தியானத்தில்' ஆழ்ந்துவிடுவார்.

ஒரே மகள், பிசியோதெரபிஸ்ட். வேலை கிடைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். முதல் சம்பளம் வந்த அன்று மேலாளர் 'விசுவாச ஒப்படைப்பு விழா' நடத்தினார். அவள் போனை வாங்கி, அவள் கணக்கிலும் ஆட்டோ டெபிட் போட்டு, தகவலுக்காகத் தம் எண்ணையும் சேர்த்தார். ஓடிபியை அவள் வாசித்துச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்காம் தலைமுறைக்கு விசுவாசம் 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது'. திரையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட குடும்பத்தில்தான் ஒரு சனிக்கிழமை மதியம் இடி விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் செய்தி வந்தது: மகள் கணக்கின் ஆட்டோ டெபிட் ரத்து. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. கையைக்கூடக் கழுவாமல் போன் போட்டார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? நாலு தலைமுறையா வந்த விசுவாசம். ஒரே ஒரு பட்டனைத் தட்டி அறுத்துட்டியே!"

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க..."

"கேக்கறேன். மேனேஜரா இல்ல, அப்பாவா கேக்கறேன். காரணத்தை எழுத்து மூலமாக் குடு."

மகள் சிரித்துவிட்டாள். "நேர்ல வாங்கப்பா, பேசலாம். ஆனா நாளைக்குக் காலையில நான் வீட்ல இருக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமையுமா வேலை?"

"ஆமாப்பா, ஒரு மாதிரி வேலைதான்."

மனிதர் உண்மையிலேயே ஆடிப்போனார். தாத்தாவிடமிருந்து கைமாறி வந்த ஒன்று தம் கையிலிருந்து நழுவிவிட்டதோ என்று பயந்தார். உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர் அவர், மற்ற உறுப்பினர்கள் அனைவரும் அவருடைய மனைவி. போதகரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்பது, மகளின் பங்கையும் தம் கணக்கிலிருந்தே கட்ட அனுமதி பெறுவது என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று.

"நீங்களா? சர்ச்சுக்கா?" என்றாள் மனைவி. "வழி ஞாபகம் இருக்கா?"

"நம்ம சர்ச்சுக்கு எனக்கா வழி தெரியாது?"

தெரியத்தான் இல்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பழைய வாசலை அடைத்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். காவலாளியிடம் விசாரித்துச் சுற்றிக்கொண்டு போனபோது, சட்டையில் 'வரவேற்புக் குழு' என்று அட்டை குத்தியிருந்த இளைஞன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க அங்கிள்! முதல் தடவையா வர்றீங்களா?"

"தம்பி, இந்தச் சபையில எங்க தாத்தா காலத்துலேர்ந்து..."

"ரொம்ப சந்தோஷம் அங்கிள். புதுசா வர்றவங்களுக்கு முன்னாடியே சீட் இருக்கு."

முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டான். புதிய போதகர் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மேலாளருக்கு அவரை வாராவாரம் பார்த்து நல்ல பழக்கம். போதகருக்குத்தான் இவரைத் தெரியவில்லை. டிவியில் பார்ப்பதைவிட மனிதர் குள்ளம்.

பாட்டு தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். மேலாளரின் கை ரிமோட்டைத் தேடிவிட்டுப் பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. அடுத்து காணிக்கைப் பை வந்தது. சட்டைப் பையில் கார்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை. அசடு வழிய நிமிர்ந்தார். பையை நீட்டிக்கொண்டு நின்றவள் அவருடைய மகள்.

"நீ... இங்கே என்ன பண்றே?"

"வாராவாரம் வர்றேன்பா. டிவியில மேடையை மட்டும்தானே காட்டுவாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கையாலேயே போடணும்னு தோணுச்சு. அதான் அதை நிறுத்தினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க எழுத்து மூலமால்ல கேட்டீங்க?"

மேலாளர் பையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பயப்பட்டதெல்லாம் வீண் என்ற நிம்மதி பாதி. அதில் தமக்குப் பங்கே இல்லாமல் போனதே என்ற வெட்கம் பாதி. வெறுங்கையால் பையைத் தொட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் தள்ளினார்.

அத்தோடு விட்டார்களா? போதகர் மைக்கோடு இறங்கி நேராக அவரிடமே வந்தார்.

"புதுசா வந்திருக்கிற ஐயாவை வரவேற்போம். இவரை அழைச்சிட்டு வந்தது யாரு?"

பின்னாலிருந்து மகள் கையை உயர்த்தி, "எங்கப்பா!" என்றாள். சபை கைதட்டியது.

"இந்தத் தங்கச்சி ரொம்ப நாளா அவங்க வீட்டுக்காக ஜெபிக்கச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க," என்றார் போதகர். "இன்னைக்குப் பதில் வந்திருக்கு. சொல்லுங்கய்யா, மகளைத் தவிர உங்க வீட்ல யாராவது ஏற்கெனவே நம்ம சபைக்கு வர்றாங்களா?"

மேலாளர் மைக்கை வாங்கினார். தாத்தாவைச் சொல்லலாம், அப்பாவைச் சொல்லலாம். வங்கிக் கிளையில் இதுபோல மைக் கிடைத்தால் ஒரு மணி நேரம் விடமாட்டார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வர்றாங்க ஐயா. ஒரு மாசம்கூடத் தவறினது கிடையாது," என்றார். "என்னோட பேங்க் அக்கவுண்ட்."